நீல்மெட் சைனஸ் ரின்ஸ் பாட்டில்: பினாங்கு ஈரத்தில் வருஷம் முழுக்கத் தும்முகிறவர்களுக்காக

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், முழுவதும் படிக்க நேரமில்லாதவர்கள் இத்தோடு போகலாம். ஒவ்வாமையால் மூக்கடைப்பு, தும்மல், மூக்கொழுகல் என்று அவதிப்படுகிறவர் இருக்கும் வீட்டில், உப்புநீரால் மூக்கைக் கழுவும் இந்தப் பாட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் இது மட்டும் போதாது. டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயோடு சேர்த்து, சரியான முறையில், தினமும் பயன்படுத்தினால்தான் முழுப் பலன் தெரியும். எங்கள் வீட்டில் நானும் மகனும் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறோம். அதனால் பாட்டிலைப் பற்றிய இந்த விமர்சனத்தில் ஸ்பிரே, மாத்திரை, மெத்தை, தலையணை எல்லாம் வரும். அவற்றை விட்டுவிட்டுப் பாட்டிலை மட்டும் புகழ்ந்தால் காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு உபயோகம் இல்லை.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பினாங்கின் பாயா தெருபோங் பக்கம், மலையடிவாரத்து அடுக்குமாடியில். மழை விடாமல் பெய்யும் வாரங்களில் சுவரைத் தொட்டால் கை ஈரமாகும், அலமாரியில் மடித்து வைத்த புடவையில் பூசணம் பூக்கும். நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் கிளீன்ரூமில் வேலை பார்க்கிறேன். தலை முதல் கால் வரை மூடிய உடுப்பு, முகமூடி, வடிகட்டி அனுப்பப்படும் காற்று. அங்கே ஷிஃப்ட் முழுக்க மூக்கு அமைதியாக இருக்கும். வீட்டுக்கு வந்து குளித்துப் படுத்த கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கம் அடைக்கும், திரும்பிப் படுத்தால் மறு பக்கம் அடைக்கும், விடியற்காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், கண் அரிப்பு, மேலண்ணம் அரிப்பு. இதை டாக்டரிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "எதில் படுக்கிறீர்கள்?" என்பதுதான். ஒவ்வாமை உள்ளவர்கள் எல்லாருமே டாக்டரிடம் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்: எந்த இடத்தில் மூக்கு அடங்குகிறது, எந்த இடத்தில் அவிழ்கிறது? பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

அப்புறம் தோல் பரிசோதனை. முன்கையில் பேனாவால் அடையாளம் போட்டு, ஒவ்வொரு ஒவ்வாமைச் சாறிலும் ஒரு சொட்டு வைத்து, ஊசி நுனியால் மேலாகக் குத்துவார்கள், பெரிதாக வலிக்காது. 15, 20 நிமிடம் கையைச் சொறியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், சிரமமே அதுதான். எந்த இடம் கொசு கடித்த மாதிரி தடித்து, வெறும் உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக வீங்குகிறதோ, உடம்பு அதற்கு எதிர்ப்புக் காட்டுகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். பரிசோதனைக்குச் சில நாள் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், மாத்திரை உடம்பில் இருந்தால் எதுவும் தடிக்காது. ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயை நிறுத்த வேண்டியதில்லை. எனக்குப் பூனை, நாய், கரப்பான் வைத்த இடமெல்லாம் சும்மா இருந்தன, தூசிப்பூச்சி வைத்த இடங்கள் மட்டும் தடித்துச் சிவந்தன.

இந்தத் தூசிப்பூச்சி கண்ணுக்குத் தெரியாது. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். நம் தோலில் இருந்து உதிரும் செதிலைத் தின்றுகொண்டு மெத்தையிலும் தலையணையிலும் சோபாவிலும் வாழும். அது கடிப்பதில்லை, அதன் எச்சத்தில் உள்ள புரதம்தான் மூக்கைக் கிளறிவிடுகிறது. புளோமியா டிராப்பிகாலிஸ் என்று ஒரு வகை நம்மைப் போன்ற வெப்ப ஈர நாடுகளிலேயே அதிகம். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீண்ட நாள் இருந்தால் இவை தாக்குப்பிடிக்காது, ஆனால் பினாங்கில் அப்படி எப்போது இறங்கியது? குளிர்நாட்டுக்காரர்களுக்கு மகரந்தக் காலம் வந்தால் மூக்கு ஒழுகும், காலம் போனால் நிற்கும். நமக்குப் பன்னிரண்டு மாதமும் ஒரே காலம். இங்கே ரெஸ்டோங் என்கிறார்கள், நம் பெரியவர்கள் பீனிசம் என்பார்கள், இளசுகள் எல்லாவற்றையும் சைனஸ் என்றே சொல்லிவிடுகிறார்கள். எப்படிச் சொன்னாலும், ஒரு வாரம் மருந்து சாப்பிட்டு முடித்துவிடும் விஷயம் இல்லை இது. அன்றாடம் பராமரிக்க வேண்டியது.

சரி, பாட்டிலுக்கு வருகிறேன்.

நீல்மெட் 2000ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கம்பெனி. பெட்டிக்குள் கையால் அழுத்தக்கூடிய பிளாஸ்டிக் பாட்டில், மூடி, உள்ளே இறங்கும் குழாய், சின்னச் சின்னப் பொட்டலங்கள். பாட்டிலில் 240 மில்லிக்குக் கோடு போட்டிருக்கும். பொட்டலத்தில் இருப்பது இரண்டே பொருள்: உப்பும் சமையல் சோடாவும், மருந்துத் தரத்தில். வெறும் தண்ணீர் மூக்கில் ஏறினால் என்ன எரிச்சல் எரியும் என்று குளத்தில் முங்கியவர்களுக்குத் தெரியும். நம் உடம்பு நீரில் உள்ள உப்பின் அளவை, அதாவது லிட்டருக்குச் சுமார் 9 கிராமை, ஒட்டிக் கலந்தால் அந்த எரிச்சல் வராது. சோடா சேர்ப்பது இன்னும் இதமாக இருப்பதற்காக.

கையைக் கழுவிவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீரைக் கோடு வரை ஊற்றி, பொட்டலத்தைக் கொட்டி, நுனி ஓட்டையை விரலால் அடைத்துக் குலுக்க வேண்டும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. தொட்டிக்கு மேல் நன்றாகக் குனிந்து, வாயைத் திறந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டே, ஒரு நாசியில் நுனியைப் பொருத்தி மெல்ல அழுத்த வேண்டும். முதல் தடவை யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். தண்ணீர் ஏறுகிறது, கண்களுக்கு நடுவே எங்கோ உள்ளே வெதுவெதுப்புப் பரவுகிறது, ஒரு கணம் அது எங்கே போகிறதென்றே தெரிவதில்லை, அப்புறம் மறு நாசி வழியாகக் கொட்ட ஆரம்பிக்கிறது. முதலில் தெளிந்த நீர். பாதிப் பாட்டில் ஆனதும் தடித்த சளி இழுபட்டு இழுபட்டு வந்து தொட்டியில் விழும். பார்க்க அருவருப்பாக இருக்கும்தான், ஆனால் அதுதான் இரவு முழுக்கத் தொண்டைக்குள் இறங்கி, காலையில் காறிக் காறித் துப்ப வைத்தது. பாதியை ஒரு பக்கம், மீதியை மறு பக்கம். முடிந்ததும் இரண்டு நாசியையும் திறந்தபடியே மெல்லச் சிந்த வேண்டும், ஒன்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பலமாகச் சிந்தினால் காது அடைக்கும். நடுவில் எச்சில் விழுங்கினாலும் அப்படித்தான். மூக்கின் உள்பள்ளத்தில் தங்கிய நீர் சிறிது நேரம் கழித்து, குனியும்போது திடீரென்று சொட்டும், அதனால் படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுவது நல்லது.

மூக்கு ஒரேயடியாக அடைத்துக் காற்றே போகாத நிலையில் அழுத்தாதீர்கள், தண்ணீர் போக வழியில்லாமல் காதுப் பக்கம் தள்ளும். காதில் சீழோ வலியோ இருக்கும்போதும் வேண்டாம். இதையெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் தாளில் அவர்களே எழுதியிருக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை.

தண்ணீர் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரை நேராகப் பிடித்து மூக்கில் விடக்கூடாது. எவ்வளவு சுத்தமான ஊராக இருந்தாலும் கூடாது. 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இரண்டு பேர், குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவியதால் நெக்லேரியா என்ற அமீபா மூளைக்கு ஏறி இறந்துபோனார்கள். வாய் வழியாகக் குடித்தால் வயிற்று அமிலத்தில் அழிந்துவிடும் கிருமி, மூக்கு வழியாகப் போனால் நேராக மூளைக்கு வழி கண்டுபிடிக்கிறது. மிக மிக அரிதானது, ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அந்தப் பயமே இல்லை. குமிழ் விட்டு ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும், அப்புறம் மூடி வைத்து ஆற விட வேண்டும். சமையலறையில் மாட்டியிருக்கும் வடிகட்டி நம் குடிநீருக்குச் சரி, மூக்குக்கு அதை நம்பாதீர்கள். நான் இரவில் கெட்டிலில் கொதிக்க வைத்து மூடிய கண்ணாடிக் குடுவையில் வைத்துவிடுகிறேன், காலையில் அதில் கொஞ்சத்தை மறுபடி சூடாக்கிக் கலந்தால் பதமாகிவிடும். ஒரு நாளுக்கு மேல் வைத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுவேன்.

எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம்? உப்புநீர்க் கழுவலைப் பற்றி 2018இல் வந்த, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு, ஒவ்வாமை மூக்கு உள்ளவர்களுக்கு இது தொந்தரவைக் குறைக்கக்கூடும் என்றும், ஆனால் கிடைத்திருக்கும் ஆதாரங்களின் தரம் குறைவு என்றும் சொல்கிறது. என் அனுபவமும் அதற்கு ஒத்துப்போகிறது. கழுவிய பிறகு சில மணி நேரம் நிம்மதி, உள்ளே படிந்த தூசியும் சளியும் போய்விடுகின்றன. ஆனால் வீக்கத்தை உப்புநீரால் அடக்க முடியாது. போன தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போய், சூடமும் ஊதுபத்தியும் உடைந்த தேங்காயும் சாலைப் புழுதியும் கலந்த கூட்டத்தில் நடந்துவிட்டு வந்த இரவு மூக்கைக் கழுவினேன், வந்த நீர் சாம்பல் நிறத்தில் இருந்தது. அந்த மாதிரி நாட்களிலும், 2015, 2019இல் வந்த மாதிரி புகைமூட்டம் வரும் காலத்திலும் இந்தப் பாட்டிலுக்கு ஈடு கிடையாது. புகை ஒவ்வாமைப் பொருள் இல்லை, ஆனால் ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூக்கை அது இன்னும் புண்ணாக்கும்.

வீக்கத்தை அடக்குவது ஸ்பிரேயின் வேலை. ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன், புடசோனைட் என்று பல பெயரில் இருக்கின்றன, அவாமிஸ், நேசோனெக்ஸ் எல்லாம் இந்த வகைதான். நம்மவர்களிடம் "ஸ்டீராய்டு" என்ற சொல்லைச் சொன்னதுமே முகம் மாறிவிடுகிறது. என் அத்தை, "சின்னப் பிள்ளைக்குப் போய் ஸ்டீராய்டா, எலும்பு உருகிப் போகும்மா" என்றார்கள். அவர்களுடைய கவலை அக்கறையில் வருவது, அதை நான் மதிக்கிறேன், ஆனால் மூக்கு ஸ்பிரேயும் வருஷக்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் ஒன்றல்ல. அளவு மைக்ரோகிராமில் இருக்கிறது. மொமெட்டசோனில் ஒரு அழுத்தத்துக்கு 50, ஃப்ளூட்டிகசோன் ஃபியூரோயேட்டில் 27.5. இந்த இரண்டிலும் ரத்தத்தில் கலப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பிள்ளைகளுக்கு இன்னும் குறைந்த அளவு தருவார்கள், உயரத்தை அவ்வப்போது அளந்து பார்ப்பார்கள். மிதமானதில் இருந்து கடுமையானது வரை, தொடர்ந்து இருக்கும் ஒவ்வாமை மூக்குக்கு உலகம் முழுக்க டாக்டர்கள் முதலில் எடுப்பது இந்த மருந்தைத்தான்.

ஸ்பிரே வேலை செய்யவில்லை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, இரண்டு நாள் அடித்துவிட்டு நிறுத்துவது. இது அடித்ததும் திறக்கும் மருந்தில்லை, முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம், நன்றாக இருக்கிறது என்று விட்டால் சில நாளில் பழையபடி ஆகும். இரண்டாவது காரணம், அடிக்கும் விதம். எங்கள் பக்கத்து மருந்தகத்தில் இருக்கும் தங்கச்சி எனக்கு நின்று நிதானமாகச் சொல்லிக் கொடுத்தாள்: "அக்கா, மூக்கின் நடுச் சுவரைப் பார்த்து அடிக்காதீங்க, காதைப் பார்த்து அடிங்க. வலது கையால இடது மூக்கு, இடது கையால வலது மூக்கு. பலமா உறிஞ்சாதீங்க, தொண்டைக்குப் போயிடும்." இந்த மூன்று வாக்கியத்தைப் பெட்டியின் மேலேயே அச்சடிக்க வேண்டும். எதிர்க் கையால் பிடித்தாலே நுனி தானாக வெளிப்பக்கம் சாய்கிறது, நடுச் சுவரில் மருந்து பட்டுப் பட்டு வறண்டு ரத்தம் வருவது குறைகிறது. தலையைக் கொஞ்சம் முன்னால் குனிந்துகொள்ள வேண்டும், அண்ணாந்து பார்த்து அடித்தால் மருந்து வயிற்றுக்குத்தான் போகும். கழுவலுக்கும் ஸ்பிரேக்கும் உள்ள உறவும் இங்கேதான்: சளி மூடிய சுவரில் மருந்து படாது. முதலில் கழுவி, சிந்தி, ஒரு கால் மணி நேரம் விட்டு அப்புறம் ஸ்பிரே. மாற்றிச் செய்தால் அடித்த மருந்தை நாமே கழுவி ஊற்றிவிடுகிறோம்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. அடித்த சில நிமிடத்திலேயே மூக்கைத் திறந்துவிடும் சொட்டு மருந்தும் ஸ்பிரேயும் இருக்கிறதே, ஆக்சிமெட்டாசோலின் வகை, அது. சளிப்பிடித்த நேரத்தில் மூன்று நாள், அதிகம் போனால் ஐந்து நாள், அதோடு சரி. அதற்கு மேல் போனால் மருந்து இறங்க இறங்க மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும், திறக்க மறுபடி அதே மருந்து வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் அது கைப்பையில் இல்லாமல் வெளியே போகவே மாட்டார், தொண்டை மூக்கு டாக்டரிடம் போய் ஸ்டீராய்டு ஸ்பிரே தொடங்கி மெல்ல மெல்லத்தான் அதிலிருந்து வெளியே வந்தார். ஸ்டீராய்டு என்ற பெயருக்குப் பயந்து நல்ல மருந்தை ஒதுக்கிவிட்டு, இதைக் கேள்வி கேட்காமல் மாதக்கணக்கில் அடிக்கிறவர்களை நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

கோடாலித் தைலம், விக்ஸ் பற்றியும் கேட்பீர்கள். தேய்த்ததும் மூக்கு திறந்த மாதிரி இருக்கும். மெந்தால் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டுவதால் வரும் உணர்வு அது, வீக்கம் அப்படியே இருக்கும். ராத்திரி தூங்க ஆறுதலாக இருந்தால் தேய்த்துக்கொள்ளுங்கள், கைக்குழந்தைக்கு மட்டும் வேண்டாம்.

மாத்திரையில் அந்தப் பழைய மஞ்சள் மாத்திரை, குளோர்ஃபெனிரமின், தும்மலை நிறுத்தும், கூடவே ஆளையும் சாய்த்துவிடும். ஷிஃப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டு ஓட்டக்கூடாது. லோரட்டடின், செட்டிரிசின், ஃபெக்சோஃபெனடின் போன்ற புதியவற்றில் தூக்கம் குறைவு, அவற்றிலும் செட்டிரிசின் சிலருக்குக் கண்ணைச் சொருக வைக்கும். தும்மல், அரிப்பு, ஒழுகலுக்கு மாத்திரை நன்றாகக் கேட்கும், அடைப்புக்கு அவ்வளவாகக் கேட்காது, அதற்கு ஸ்பிரேதான். ஒரு காலத்தில் எங்கள் வட்டாரத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் மகனுக்கு ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாட்டிக் சிரப் கொடுத்து அனுப்புவார்கள். காய்ச்சல் இல்லை, பச்சை மஞ்சள் சளி இல்லை, வெறும் தெளிந்த நீர்தான் ஒழுகும், ஆனாலும் சிரப். ஒவ்வாமைக்கு ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. பெற்றோர்கள் கூச்சப்படாமல் "இது எதற்கு டாக்டர்?" என்று கேளுங்கள்.

மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளங்கையால் மூக்கு நுனியை மேலே தள்ளித் தள்ளித் தேய்ப்பான். அப்படித் தேய்த்துத் தேய்த்து மூக்கின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று விழுந்திருந்தது, கண்ணுக்குக் கீழே கருவளையம், தூங்கும்போது வாய் திறந்தே இருக்கும். தூக்கம் கெட்டதால் பள்ளியில் கவனம் இல்லை என்று ஆசிரியை சொல்லி அனுப்பினார். உங்கள் பிள்ளையிடம் இந்த அடையாளங்கள் இருந்தால் சேட்டை, சோம்பல் என்று அதட்டாதீர்கள், மூக்கைக் கவனியுங்கள். சிறுவர்களுக்கான சின்னப் பாட்டிலும் இருக்கிறது. முதலில் பாட்டிலை அவன் கையிலேயே கொடுத்து, குளியலறையில் தன் கையில் பீய்ச்சி விளையாட விட்டேன், அழுத்தத்தைத் தானே கட்டுப்படுத்தலாம் என்று தெரிந்ததும் பயம் போய்விட்டது. பிள்ளையின் தலையை நாம் பிடித்துக்கொண்டு அழுத்தினால் அது அடுத்த நாள் அந்தப் பக்கமே வராது. இருமலும் இழுப்பும் சேர்ந்து வந்தால் ஆஸ்துமா இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், மூக்கும் நுரையீரலும் ஒரே பாதையின் இரண்டு முனைகள், ஒன்று அடங்காமல் மற்றது அடங்காது.

படுக்கைக்கு வருவோம், வீட்டில் அதிகம் உழைக்க வேண்டிய இடம் இதுதான். இலவம்பஞ்சுத் தலையணைகளை எங்கள் வீட்டில் விடை கொடுத்து அனுப்பிவிட்டோம். அத்தை கையால் தைத்தவை, மனசு கேட்கவில்லை, ஆனாலும் துவைக்க முடியாத தலையணை இந்த மூக்குக்கு ஆகாது. விருந்தாளி வந்தால் விரிக்கும் தோத்தோ மெத்தைகளை மாதக்கணக்கில் அலமாரியில் மடித்து வைத்துவிட்டு, எடுத்து உதறினால் அன்றைக்கு வீடே தும்மும். மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த, நெருக்கமாக நெய்த உறை போட்டிருக்கிறோம். விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை சுடுநீரில் துவைக்க வேண்டும், 55, 60 டிகிரியில் பூச்சி சாகும். நம் வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் பச்சைத் தண்ணீர்தான். அதனால் விரிப்பை மட்டும் தாமான் (குடியிருப்பு) முனையில் இருக்கும் சுயசேவை டோபிக்கு எடுத்துப் போகிறோம், சுடுநீர்ப் பொத்தான் இருக்கிறது, சூடாக உலர்த்தியும் தருகிறது. மழைக்காலத்தில் அதுவே பெரிய உதவி. வெயிலில் காயப்போடுவது நல்லதுதான், ஆனால் செத்த பூச்சியும் எச்சமும் துணியிலேயே இருக்கும், துவைத்தால்தான் போகும்.

காற்றுச் சுத்திகரிப்பு மெஷின் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: புகைமூட்டத்துக்கு உதவும், தூசிப்பூச்சிக்குச் செலவுக்கேற்ற பலன் கிடைக்காது. அதன் எச்சம் கனமானது, கிளப்பிவிட்டால் கொஞ்ச நேரம் பறந்துவிட்டு மறுபடி துணியில் இறங்கிவிடும். நீங்கள் முகம் புதைத்துத் தூங்கும் தலையணைக்கு அறை மூலையில் இருக்கும் மெஷின் என்ன செய்யும்? ஒரு பேரங்காடியில் மெத்தை உறிஞ்சும் மெஷினைக் காட்டி, கறுப்புத் துணியில் வெள்ளைப் பொடியைக் காட்டிப் பயமுறுத்தி ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கிறார்கள். அந்தக் காசில் வீட்டில் எல்லாருக்கும் நல்ல உறை வாங்கலாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை நிறுத்தச் சொல்லி அத்தையிடம் சண்டை போடவில்லை. பால்கனிக் கதவைத் திறந்து வைத்து, மகன் கீழே விளையாடப் போன நேரத்தில் போடுகிறார்கள். கொசுவர்த்தியை மட்டும் படுக்கையறையில் கொளுத்துவதில்லை, வலை கட்டிவிட்டோம்.

ஒரு பக்க மூக்கு மட்டும் விடாமல் அடைத்தாலோ, சளியில் ரத்தம் கலந்து வந்தாலோ, கழுத்தில் கட்டி தெரிந்தாலோ, இது ஒவ்வாமைதான் என்று பாட்டிலோடு உட்கார்ந்திருக்காதீர்கள். மூக்குத்தொண்டைப் புற்றுநோய் இந்த நாட்டில் பார்க்காத ஒன்றல்ல, காது மூக்கு தொண்டை நிபுணரிடம் சீக்கிரம் காட்டுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி, அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு போனால் பொது மருத்துவமனை நிபுணருக்கும் சில வெள்ளிதான், காத்திருக்க மட்டும் பொறுமை வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தும் அடங்காதவர்களுக்கு ஒவ்வாமைப் பொருளையே சிறுகச் சிறுகக் கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது. 1911இல் லியோனார்ட் நூன் என்ற ஆங்கிலேய டாக்டர் புல் மகரந்தத்தை வைத்துத் தொடங்கியது, இன்று தூசிப்பூச்சிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையாகவும் வருகிறது. சுமார் மூன்று வருஷம் விடாமல் எடுக்க வேண்டும், செலவும் உண்டு, அதனால் பரிசோதனையில் காரணம் உறுதியான பிறகுதான் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

பாட்டிலின் செலவைப் பொறுத்தவரை, முதல் பெட்டிக்குப் பிறகு பொட்டலம்தான் தொடர்ந்து ஆகும். பெரிய மருந்தகங்களில் பொட்டலம் மட்டும் தனிப் பெட்டியாகக் கிடைக்கிறது, அதிக எண்ணிக்கை உள்ளதை வாங்கினால் ஒன்றின் விலை நன்றாக இறங்குகிறது. இணையத்தில் வாங்கிய, பெயர் இல்லாத மலிவுப் பாட்டில் ஒன்றையும் உறவினர் வீட்டில் பார்த்தேன், பிளாஸ்டிக் கெட்டியாக இருந்ததால் அழுத்தம் ஒரே சீராக வரவில்லை, குழாய் பாதியில் கழன்று விழுந்தது, அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பொட்டலச் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் வீட்டிலேயே கலக்கலாம்: அயோடின் சேர்க்காத உப்பு மூன்று தேக்கரண்டி, சமையல் சோடா ஒரு தேக்கரண்டி, கலந்து காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, 240 மில்லி தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி தலைதட்டி. எரிந்தால் கலவையைக் குறைத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் சமையல் உப்பு பெரும்பாலும் அயோடின் கலந்தது, அது மூக்கில் எரியும், பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள். பாட்டிலை ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவி, திறந்தபடி உலர விட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிது மாற்றச் சொல்கிறார்கள், நம் ஊர் ஈரத்துக்கு அதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒருவர் பாட்டிலை இன்னொருவர் பயன்படுத்தவே கூடாது, எங்கள் வீட்டில் மார்க்கர் பேனாவால் ஆளுக்கு ஆள் பெயர் எழுதி வைத்திருக்கிறோம்.